பதினொரு அங்குலம்

சத்துவாச்சாரி லேபர் கோர்ட்டில்
என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள்.
பூங்காவனம், பூங்காவனம், பூங்காவனம்.
பெயர் மட்டும் நல்ல நீளம்.
கூண்டில் ஏறினேன்.
நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"எழுந்து நின்னு சொல்லும்மா."
"நின்னுகினுதாங்க கீறேன்."

சிரித்தார்கள். கம்பெனி வக்கீல் சிரிக்கவில்லை,
ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.
அவர் ஆறடி.

அன்றைக்கு நான் கட்டியிருந்தது
கையகல ஜரிகைக் கரை போட்ட மாம்பழ மஞ்சள்,
கறுப்பு ரவிக்கை.
வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன்.
கரை ஒரு துண்டு, மஞ்சள் ஒரு துண்டு,
கறுப்பு ஒரு துண்டு, மேலே நரைத்த தலை.
நாலடி எட்டு அங்குலத்தை
நானே நாலாக நறுக்கி வைத்திருந்தேன்.

நறுக்குவது எனக்குத் தெரிந்த வேலை.
ராணிப்பேட்டையில் இருபத்தேழு வருஷம்
ஷூவுக்கு மேல்தோல் வெட்டினேன்.
ஆட்டுத்தோலில் கழுத்து எது, வயிறு எது,
எங்கே இழுத்தால் நீளும், எங்கே கிழியும்,
விரலைக் கேட்டால் சொல்லும்.
என்மேல் கிடக்கும் துணியை மட்டும்
அறுபத்திரண்டு வயது வரை அளந்ததே இல்லை.

டேப்பை எடுத்தேன்.
இடுப்பிலிருந்து தரை, முப்பத்து நாலு.
புடவையின் அகலம், நாற்பத்தைந்து.
மீதிப் பதினொன்றை
தினமும் காலையில் வயிற்றுக்குள் திணித்துவிட்டு,
தொப்பை போட்டுவிட்டதே என்று
மத்தியானச் சோற்றைக் குறைத்திருக்கிறேன்.

லாங் பஜாரில் குப்புராஜ் விரித்துப் போட்டான்.
"உங்க வயசுக்கு லைட் கலர் பாருங்கம்மா."
வயசுக்கு எடுக்க வரலப்பா, உயரத்துக்கு எடுக்க வந்தேன்.
பெரிய பூ வேண்டாம்,
ஒரே பூ என் முதுகை அடைத்துக்கொள்ளும்.
கட்டம் வேண்டாம்.
கஞ்சி போட்ட காட்டன் வேண்டவே வேண்டாம்,
அது ஒரு பக்கம் நடக்கும், உள்ளே நான் ஒரு பக்கம்.
விரலகலக் கரை. உச்சி முதல் பாதம் வரை ஒரே நிறம்.
கடைசியில் அகப்பட்டது நாவல்பழ நிறத்தில்,
கையில் நிற்காமல் வழுக்குகிற துணி.
எண்ணூற்று நாற்பது. ஆட்டோவுக்கு முப்பது குறைத்தான்.

"மேல்பக்கம் மூன்றரை மீட்டர் வெட்டப்போறேன்" என்றேன்.
"புதுப் புடவையிலயா?"
கல்லாவில் இருந்தவரே எழுந்துவிட்டார்.

முந்தானைக்கு ஒரு முழம் முன்பே
கத்தரியைச் சரித்து வெளியே கொண்டுவந்தேன்.
விளிம்பை மடித்து அடித்தேன்.
வெட்டிய துண்டில் ரவிக்கைக் கை இரண்டு வந்தது,
முழங்கைக்கு நாலு விரல் மேலே.
அதற்குக் கீழே இறங்கினால் கையும் குட்டையாகும்.
சைதாப்பேட்டை ஜரீனா கழுத்தைக் கொஞ்சம் கூராக இறக்கினாள்.
"ஜட்ஜுக்கா அக்கா இதெல்லாம்?"
ஜட்ஜுக்குத்தான்.
செருப்பும் நாவல் நிறம்,
உள்ளே ஒன்றரை அங்குலத் தக்கை, நான் செதுக்கியது,
வெளியே தெரியாது.

கொசுவம் ஐந்தே மடிப்பு, குறுகலாக.
வயிற்றில் ஒன்றும் இல்லை.
இத்தனை நாள் மூச்சு எங்கே போய்வந்தது என்று
ஆச்சரியமாக இருந்தது.

ஏறினேன். நீதிபதி நிமிர்ந்தார்.
"முடியலன்னா உக்காந்துகூடச் சொல்லும்மா."
"வேணாங்க."
ஓவர்டைம், பிடித்தம், கொடுக்காத பணிக்கொடை,
இருபத்தேழு வருஷக் கணக்கை நின்றபடி சொன்னேன்.
வக்கீல் என்னை அண்ணாந்து பார்த்தார்.
பொய். அவர் ஆறடி.
ஃபைலை மூடிவிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

வாய்தா.
அடுத்த மாதம் பதினாலாம் தேதி.

திரும்பும் பஸ்ஸில் எப்போதும் போல
மேல்கம்பி எட்டவில்லை.
யாருடைய சீட்டின் முதுகையோ பிடித்துக்கொண்டு
ஆற்காடு தாண்டும்வரை எண்ணினேன்.
பீரோவில் இன்னும் ஒன்பது புடவை.
அந்த மஞ்சளும் கிடக்கிறது.
கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுக்கணும்.